மடிப்பில் வைத்து வெட்டுக

உறைமேல் நிற்கிற பெண்ணே,
உனக்கு இடுப்பே இல்லை, கேட்டுக்கொள்.
இருபத்து நான்கு அங்குலத்தை இடுப்பென்று சொன்னால்
வினோனாவில் ஒருவரும் ஒத்துக்கொள்ளமாட்டோம்,
அதிலும் ஜனவரியில்.

ஒன்பது டாலர் கொடுத்து உன்னை வாங்கினேன்.
பக்கத்து அட்டையில் ஓர் அரசி இருந்தாள்:
உப்பிய கைகள், தலையைத் தட்டில் வைத்ததுபோல்
கழுத்தைச் சுற்றி மடிப்புப் பட்டை,
பன்னிரண்டு கெஜம் வெல்வெட் கேட்கிறவள்.
திருவிழா ஆகஸ்ட் வெயிலில்.
தவிர, அரசிகள் நடப்பதில்லை;
நான் நடந்தே பிழைத்தவள்.
அதனால் உன்னை எடுத்தேன், சலவைக்காரியே:
தொளதொள சட்டை, வார்க்கச்சு, இரண்டு பாவாடை,
சேற்றில் படாத உயரம்.

சமையல் மேசையைத் துடைத்து
உன் தாள்களை விரித்தேன்.
வெங்காயச் சருகைவிட மெல்லிசு.
மூச்சுவிட்டால் தோள் பறக்கிறது,
தும்மினால் கை அடுப்புக்குப் போகிறது.
எட்டிலிருந்து இருபத்திரண்டு வரை
வற்றிய ஏரிக்கரைபோல் அடுக்கடுக்காய்க் கோடுகள்.
மேலே நான் பதினெட்டு.
நடுவில் இருபத்திரண்டு.
அதற்குக் கீழே உன் வரைபடத்தில் இல்லாத ஊர்.
விளம்பரத் தாள்களை ஒட்டி
அங்கே நானே சாலை போட்டுக்கொண்டேன்.
என் இடது இடுப்பில் பன்றித்தொடை பாதி விலை,
வலதில் பனிக்கால டயர்கள்.

துணி, மூடிப்போன மீன் ஓட்டலின் திரைச்சீலை.
கடுகு நிறம். மூன்று முறை துவைத்தும்
இஸ்திரி போட்டால் எண்ணெய் வாசனை.
அதை வெட்டப் பயந்து
பழைய படுக்கை விரிப்பில் ஒரு மாதிரி தைத்தேன்.
இடது தோளில் சரியாக உட்கார்ந்தது.
வலது தோளில்
யாருக்கோ இடம் பிடித்துவைத்ததுபோல் ஒரு காற்று.
பிரித்தேன். தைத்தேன்.
மறுபடியும் காற்று.

பிறகுதான் உன் முதுகைப் படித்தேன்.
நடுக்கோட்டோரம் பொடியெழுத்தில்:
மடிப்பில் வைத்து வெட்டுக.
ஆக, நீ அரை உடம்புதான்.
மறு அரையும் இதேதான் என்று
துணியை நம்பச் சொல்கிறாய்.

இருபத்து மூன்று வருடம் தபால் பை
என் வலது தோளில் தொங்கியது.
மின்கட்டணம், விதை விலைப்பட்டியல்,
நீதிமன்றத்தின் மஞ்சள் கடிதம்,
செத்தவர் பெயருக்கு வந்துகொண்டேயிருந்த மீன்பிடிப் பத்திரிகை.
நாடாவைப் பிடித்து அளந்தேன்:
ஒன்றேகால் அங்குலம் இறங்கியிருக்கிறது.
பென்ஷன் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

மடிப்பைத் திறந்தேன்.
இடதுக்கு ஒரு தாள், வலதுக்கு ஒரு தாள்.
எது எதுவென்று குழம்பாமலிருக்க
கொட்டையெழுத்தில் எழுதிவைத்தேன்,
கதவிலக்கம் எழுதுவதுபோல்.
கடுகுத் திரையில் கத்திரி வைத்தபோது
கை நடுங்கவில்லை. கொஞ்சம் நடுங்கியது.

இனி காஜா.
சலவைக்காரிகள் குழுவுக்குத் தலைவி சிக்ரிட் ஓவர்கார்
உலோக வளையத்தைக் கண்டால்
வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள்.
‘அந்தக் காலத்தில்’ என்று தொடங்குவாள்,
நேற்றுத்தான் அங்கிருந்து பஸ் பிடித்து வந்தவள்போல்.
இருபத்தெட்டுத் துளைக்கும் கையால் எடுத்தேன்.
ஒவ்வொரு நூல் வளையத்துக்குள்ளும்
இரும்புக்கடை வாஷர் ஒன்று ஒளிந்திருக்கிறது.
அவள் கேட்காதவரை அது பொய்யில்லை.

ஆகஸ்ட் வந்தது. மரத்தொட்டியோரம் நிறுத்தி
முதுகில் கயிற்றை இழுத்துக் கட்டினாள் சிக்ரிட்.
ஒரு சுருக்கம் விழவில்லை.
‘உனக்கென்ன வெர்னா,
அளவெடுத்து வார்த்த உடம்பு.
எந்தப் பேட்டர்னும் அப்படியே பொருந்திவிடும்’ என்றாள்.
வாயில் துணிக்கிளிப் இருந்தது எனக்கு.
நல்லவேளை.

பெண்ணே, உன்னைத் திரும்ப உறைக்குள் அடைக்க
மூன்று இரவு முயன்றேன்.
வந்தபோது இருந்ததைவிடப் பெருத்துவிட்டாய்.
கடைசியில் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த
பெரிய உறை ஒன்றில் போட்டேன்,
தபால்காரர்களுக்கென்று சிவப்பு மையில்
ஏற்கெனவே அச்சிட்டிருப்பது:
மடிக்கக் கூடாது.